அண்ணன் பெயரில் ஒரு மின்னஞ்சல்

1

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் கடைக்குள் போக முடியாமல் வெளியே நின்றேன். கடை இருப்பது மாத்தளையில். நான் நின்றது மெல்பர்னில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் ஒரு சலவை ஆலையின் மேற்பார்வையாளர் அறையில், எல்லாருக்கும் பொதுவான ஒரு கணினியின் முன்னால்.

விளக்கிச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு மாத்தளை டவுனில் ஒரு மிளகுக் கடை உண்டு. மிளகு, கராம்பு, சாதிக்காய், ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்து ஏலக்காய் எல்லாம் வாங்கி, காயவைத்துப் புடைத்து, கொழும்புக்கும் வெளிநாட்டில் நாலைந்து சிறு வியாபாரிகளுக்கும் அனுப்புகிறோம். அப்பா தொடங்கியது, இப்போது அண்ணன் நடத்துகிறார். வெளிநாட்டுக்காரர்களோடு பேச்சு முழுவதும் மின்னஞ்சலில்தான். அந்த மின்னஞ்சலைப் படிப்பதும் பதில் எழுதுவதும் நான். கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருடமாகியும் நான்தான்.

எனக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. இந்தக் குளிர் மாதங்களில் இங்கே ஒன்றரை என்றால் அங்கே காலை ஒன்பது. அண்ணன் கடை திறந்து சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டி முடித்திருப்பார். நான் டப்பாவிலிருக்கும் சோற்றை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே உலாவியைத் திறந்து, மறு கையின் இரண்டு விரலால் கடையின் முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டுவேன். 'இது உங்கள் சொந்தக் கணினியா, பொதுக் கணினியா' என்று கேட்கும். பொது என்று குறியிடுவேன். போனில் செயலி வைத்துக்கொண்டால் இத்தனை பாடு எதற்கு என்பாள் என் மகள் மீரா. எனக்கு அது பிடிக்காது. போனில் வைத்தால் கடிதம் பஸ்ஸுக்கும் வரும், குளியலறைக்கும் வரும். உலாவி என்றால் நேரத்துக்குத் திறக்கலாம், முடிந்ததும் வெளியேறிப் பூட்டலாம். கடை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்கும் தட்டினேன். வட்டம் வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றியது. பிறகு சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: கணக்கின் உரிமையாளர் உங்கள் முயற்சியை மறுத்துவிட்டார், பாதுகாப்புக்காகக் கணக்கு பூட்டப்பட்டுள்ளது.

கணக்கு அண்ணன் பெயரில் இருக்கிறது. உரிமையாளர் என்றால் அண்ணன்தான். சோற்று டப்பாவை மூடிவைத்தேன்.

2

கடையின் மின்னஞ்சலைத் தொடங்கியது மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு 'கொமினிகேஷன்' கடையில். போன் பேச, ஃபோட்டோ கொப்பி எடுக்க, இன்டர்நெட் பார்க்க, எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரே பெயர்தான். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். கொன்வென்டில் படித்ததால் எனக்கு இங்கிலீஷ் வரும் என்று அப்பாவுக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளப் பெருமை. வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு பேர்ல தொறக்கட்டும்ப்பா?" என்று கேட்டேன்.

"அண்ணன் பேர்லயே தொற. வியாபாரத்துல பொம்பளப் புள்ள பேரு இருந்தா சரிவராது" என்றார்.

எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை. பிறகு உறைத்தது. இன்றைக்கும் உறைக்கிறது.

அப்பாவும் அண்ணனும் தமிழில் சொல்வார்கள், நான் இங்கிலீஷில் எழுதுவேன், கீழே 'கே. சிவகுமார்' என்று அண்ணன் பெயரைப் போடுவேன். ஆரம்பத்தில் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிடுவேன். ஒருமுறை கராம்பு அனுப்பச் சுணங்கிவிட்டது. "கோவிச்சுக்காதீங்கன்னு ஒரு வார்த்த போட்டுரு" என்றார் அப்பா. தயவுசெய்து கோபப்படாதீர்கள் என்று நான் இங்கிலீஷில் எழுதிவைக்க, நெதர்லாந்திலிருந்து மறுநாளே பதறிப்போய்ப் பதில்: நான் கோபப்படவே இல்லையே, நான் எழுதியதில் ஏதும் தவறா என்று அந்த மனிதர் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தார். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "பாவம், நல்ல மனுசன்" என்றார். அந்த நெதர்லாந்துக்காரர் இன்றும் எங்கள் வாடிக்கையாளர்.

மெல்பர்ன் வந்த முதல் வாரத்தில் அப்பா போன் எடுத்தார். சுகம் விசாரித்த கையோடு, "ஏம்மா, இனி அந்தக் கடுதாசியெல்லாம் யாரு எழுதுறது?" என்று கேட்டார். நான்தாம்ப்பா எழுதுவேன், எங்கிருந்தால் என்ன என்றேன். புது நாடு, புதுப் புருஷன், தெருவில் ஒரு முகம் தெரியாது. நான் இல்லாமல் அங்கே ஒரு காரியம் நிற்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மாமியார் வீட்டுக்குப் போன பெண் பிறந்த வீட்டில் விருந்தாளி என்பார்கள். நான் விருந்தாளி ஆகவில்லை. தினமும் ஒன்பது மணிக்குக் கடையில் இருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் அப்பா தவறினார். எனக்கு லீவும் கிடைக்கவில்லை, டிக்கெட்டும் கிடைக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. 'என் தந்தை காலமானார்' என்று நான்தான் எழுதினேன், கீழே அண்ணன் பெயரைப் போட்டேன். அனுதாபக் கடிதங்கள் வந்தன. எல்லாம் அன்புள்ள திரு. சிவகுமார் என்று தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதிவிட்டு, வெளியேறிப் பூட்டிவிட்டு, பிற்பகல் முறைக்கு விரிப்பு மடிக்கப் போனேன்.

3

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உடனே அண்ணனுக்கு போன் எடுத்தேன்.

"அண்ணே, மெயில் பூட்டிக்கிச்சு."

"ஆமாம்மா, இப்பதான் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. ஒங்க மெயில யாரோ தொறக்கப் பாக்குறாங்க, அது நீங்களான்னு கேட்டுச்சு. நான் இல்லன்னு அமுக்கிட்டேன். எதுக்குன்னா..."

அந்த 'எதுக்குன்னா'வை நான் கேட்கவில்லை. காரணம் இருந்தது. அண்ணன் மகள் தர்ஷினி கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடைக்கு வந்து உட்காரத் தொடங்கியிருந்தாள். போன மாதம் பேசும்போது அண்ணன், "இனிமே ஒனக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அது என் மனதில் முள்ளாகக் கிடந்தது. இப்போது இது. தினமும் ஒன்பது மணிக்கு யார் திறப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"நேராச் சொல்லிருந்தா நானே வெலகிருப்பேனே அண்ணே. பொத்தான அமுக்கித்தான் வெளிய தள்ளணுமா?" என்றேன்.

"என்னாம்மா பேசுற நீ?" என்றார். அந்த நேரம் பார்த்து யாரோ மிளகு மூட்டையோடு வந்துவிட்டார்கள் போல. "பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில் அண்ணன் சொல்வது கேட்டது. கொஞ்சம் பொறு என்று வந்த ஆளிடம்தான் சொன்னார். எனக்கு அப்போது எல்லாமே என்னைச் சொன்னதாகவே பட்டது. போனை வைத்துவிட்டேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அதேதான். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தர்ஷினிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "அந்தக் கடைக்கும் எனக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்ல, ஒங்கப்பாகிட்டச் சொல்லிரு" என்றேன். அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு கோடும் நீலமாயின. பதில் வரவில்லை.

4

சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டேனே தவிர, மனது அந்தப் பெட்டியையே சுற்றிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை நெதர்லாந்துக்காரர் எழுதியிருந்தார்: இந்தப் பருவத்துச் சாதிக்காய் தன்னுடைய கப்பலுக்கு முன்னால் வந்து சேருமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டிவரும் என்று. அதை நான் மட்டும்தான் படித்திருந்தேன். அண்ணனிடம் செவ்வாய்க்கிழமை கேட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அது போக, அப்பா சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்கள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவர் குரல் எங்கும் பதிவாகவில்லை. அந்தக் கடிதங்களில்தான் அவர் பேசுகிறார், என் இங்கிலீஷில்.

புதன்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் மீராவின் மடிக்கணினியை வாங்கி, அந்த மின்னஞ்சல் கம்பெனியின் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். மனிதர் யாரும் இல்லை, ஒரு இயந்திரம் கேட்கிறது. மாத்தளையில் அரசாங்கக் கச்சேரியிலாவது வரிசையில் நின்றால் முடிவில் ஒரு முகம் இருக்கும், திட்டவாவது திட்டும். இதற்கு முகமே இல்லை. 'நீங்கள்தான் கே. சிவகுமாரா?' என்று கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். அண்ணன் உள்ளதைச் சொல்லிப் பூட்டினார், நான் பொய் சொல்லித் திறக்கப் பார்த்தேன்.

அப்படியானால் கணக்குத் தொடங்கும்போது நீங்களே கொடுத்த பதிலைச் சொல்லுங்கள் என்றது. கேள்வி இதுதான்: உங்கள் சொந்த ஊர் எது? மூன்று தடவைதான் முயலலாம்.

இதென்ன பிரமாதம் என்று மாத்தளை என்று தட்டினேன். தவறு என்றது. அன்று பதில் சொன்னவர் அப்பா. அவர் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். பத்தொன்பது வயதில்தான் டவுனுக்கு இறங்கினார். ரத்தோட்டை என்று தட்டினேன். அதுவும் தவறு. மிச்சம் ஒன்று. கணினியை மூடிவிட்டேன்.

மீரா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள், இங்கிலீஷில் பதில் சொல்வாள். "உன்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன போடுவாய்?" என்றேன். "நான் இந்தக் கேள்வியை எடுக்கவே மாட்டேன், அம்மா. செல்லப்பிராணியின் பெயர் என்று ஒரு கேள்வி இருக்கும், அதுதான் சுலபம்" என்றாள். எங்கள் வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு நானும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இங்கே கோயிலில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் பிரியமாகப் பேசத் தொடங்குவார்கள். "நீங்கள் ஊரில எவடம்?" என்பார்கள். மாத்தளை என்பேன். "ஓ, மலைநாடோ" என்பார்கள். தோட்டத்து ஆட்களா என்று அதற்குப் பொருள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதற்கு மேல் பேச்சு வளராது, பிரசாதத் தட்டோடு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

5

வியாழன் முழுக்க யோசித்தேன். கொமினிகேஷன் கடையும் பிளாஸ்டிக் கதிரையும் ஞாபகம் வருகின்றன, "சொந்த ஊர் என்னான்னு கேக்குதுப்பா" என்று நான் கேட்டதும் ஞாபகம் வருகிறது. அவர் சொன்ன பதில் மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு, ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, கணினியின் முன் இருந்தபடி அண்ணனுக்கு போன் எடுத்தேன். சுகம் விசாரிக்கவில்லை. நேரே அந்த ஊர்க் கேள்வியைச் சொன்னேன்.

அண்ணன், "அப்பாகிட்டக் கேட்டுத்தானே எழுதின?" என்றார்.

"ஆமா."

"அப்பாகிட்ட ஊர் எதுன்னு கேட்டா மாத்தளைன்னா சொல்வாரு? ஊர்னா அவருக்கு இந்தியா தானே."

எனக்குப் பொறி தட்டியது போலிருந்தது. எங்கள் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும், நான்தான் பதினெட்டு வருடத்தில் மறந்திருக்கிறேன். தேயிலை வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்த எங்கள் பெரியவர்களுக்குத் தோட்டம் என்றால் தோட்டம், டவுன் என்றால் டவுன். ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது. "ஊருக்குப் போயிட்டாங்க" என்றால் கப்பலேறிவிட்டார்கள் என்று பொருள். இந்தியாவும் இலங்கையும் குடியுரிமையில் எங்கள் ஆட்களைப் பங்குபோட்டபோது அப்பாவின் அண்ணன்மார் இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். அங்கிருந்து வருவது 'ஊர்க் கடுதாசி'. அங்கே போனவர்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள், இலங்கையில் இருந்தவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். அப்பா ஒரு நாளும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்டால் அதைத்தான் சொல்வார்.

"துறையூர்" என்றேன்.

"எழுத்துக்கூட்டிப் போடாத. அப்பா தொறையூருன்னுதான் சொல்வாரு. நீ அப்பல்லாம் காதுல விழுந்தத அப்படியே எழுதுறவ" என்றார் அண்ணன்.

இங்கிலீஷ் எழுத்தில் தொறையூரு என்று, வாலில் உள்ள 'ரு'வையும் சேர்த்துத் தட்டினேன். வட்டம் சுற்றியது. கடிதங்கள் வரிசையாகத் திரையில் இறங்கின, அவற்றில் நெதர்லாந்துக்காரரின் கடிதமும். எனக்குக் கண் கலங்கியது. "தொறந்துருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்றும் வந்து கிடந்தது. செவ்வாய்க்கிழமை அண்ணன் போனுக்குப் போன அதே செய்தி. சிட்னி நகரிலிருந்து ஒருவர் உங்கள் கணக்கில் நுழைய முயல்கிறார் என்று எழுதியிருந்தது. சிட்னியா? திரும்பப் படித்தேன். எங்கள் ஆலையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் இன்டர்நெட்டை மாற்றினார்கள், தலைமை அலுவலகம் சிட்னியில்தான் இருக்கிறது. நான் தட்டியது அங்கே சுற்றிப் போனதால், சிட்னியிலிருந்து வந்ததாகக் காட்டியிருக்கிறது போலும்.

"அண்ணே, அன்னைக்கு மெசேஜ்ல சிட்னின்னா போட்டிருந்துச்சு?"

"அதத்தானே சொல்ல வந்தேன். நீ மெல்பர்ன்ல இருக்க, இவன் எவன் சிட்னிக்காரன்னு பாத்தேன். ஒரு நிமிசத்துக்குள்ள பதில் சொல்லுன்னு மிரட்டுது. நீ எழுதின கடுதாசியெல்லாம் களவு போயிருமேன்னு பதறி அமுக்கிட்டேன். நீ எங்க என்னப் பேச விட்ட?"

மடியில் இருந்த சோற்று டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப போன மாசம், இனிமே ஒனக்கு எதுக்கு சிரமம்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரலாகக் கேட்டது.

"நீதானேம்மா சொன்ன, ஒரு கையால சாப்புட்டுக்கிட்டே எழுதுறேன்னு. அரை மணி நேரத்துல ஒரு வாய் ஒழுங்காத் திங்கட்டும்னு சொன்னேன். தர்ஷினிக்குக் கம்ப்யூட்டர் தெரியும், அவ பாத்துக்கலாம். ஆனா ஒன்னயப்போல எழுத அவளுக்கு வராது. அது எனக்குத் தெரியாதா?"

அதன் பிறகு அவர் குரல் இறங்கியது.

"ஒன் மெசேஜ தர்ஷினி அழிச்சுட்டா. எனக்குச் சொல்லக் கூடாதுன்னு. ஆனா அவ கேக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்."

பதினெட்டு வருடத்தில் அண்ணன் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அன்றைக்கும் கடியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ஒரு மேற்பார்வையாளர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"நான் இல்லன்னு நான் அமுக்கிட்டேன். சம்பந்தம் இல்லன்னு நீ சொல்லிட்ட. அப்ப அந்த நெதர்லாந்துக்காரனுக்கு யாரும்மா பதில் எழுதுறது?" என்றார் அண்ணன்.

அப்படி ஒரு கடிதம் வந்திருப்பதே அவருக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அவர் எழுதிருக்காருன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றேன்.

"நேத்து போனே எடுத்துட்டான். ரெண்டு பேருக்கும் மத்தவன் இங்கிலீஷ் வெளங்கல. சாதிக்காய், சாதிக்காய்னு நான் சொல்ல, அவன் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமைன்றான். தர்ஷினி எழுதறேன்னா. அத்தை வரட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டு, போனை ஒலிபெருக்கியில் போட்டு, இரண்டு கையையும் விசைப்பலகையில் வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

"சொல்லுங்கண்ணே, எழுதிக்கிறேன்."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கடிதம் சொல்லும்போது எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் சொல்வார்.

"அன்புள்ள ஐயா. ஒங்க கடுதாசி கெடைச்சிச்சு. சாதிக்காய் காஞ்சு ரெடியா இருக்கு. கப்பலுக்கு முந்தியே அனுப்பிருவோம். பதில் சொல்லச் சுணங்குனதுக்கு மன்னிக்கணும். எங்க குடும்பத்துல ஒரு சின்ன மனஸ்தாபம்."

நிறுத்தினார். கடைக்குள் யாரோ சாக்கை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப தீந்துருச்சுன்னு போடலாமா?" என்று கேட்டார்.

"போட்டுட்டேண்ணே" என்றேன்.